பெட்டக அறையின் கதவு

முதலாளித்துவ சமுதாயம் தன் செல்வத்தைக் காக்க எழுப்பிய சின்னங்களுள் வங்கிப் பெட்டக அறையின் எஃகுக் கதவு தலையாயது. அக்கதவு யாரிடமிருந்து யாரைக் காத்தது? இவ்வினாவுக்கு விடைகாண, ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரை உதாரணமாகக் கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கொள்ளையர், காசாளரைப் பிடித்து வருத்திப் பூட்டின் இரகசிய எண்களைக் கறந்தனர். இதற்கு மாற்றாக ஜேம்ஸ் சார்ஜன்ற் என்பவர் நேரப்பூட்டை உருவாக்கினார். 1874இல் இலினோய் மாநிலத்து மொறிசன் என்னும் ஊரின் வங்கியொன்றில் அது பொருத்தப்பட்டது. கதவின் உட்புறத்தே கடிகாரம் ஓடும். குறித்த மணி வரும்வரை எண்களை அறிந்தவராலும் கதவைத் திறக்க முடியாது. இத்தொழில்நுட்பத்தின் உச்சங்களுள் ஒன்றாக, 1923இல் கிளீவ்லண்ட் சமஷ்டி ஒதுக்கு வங்கியில் ஏறத்தாழ 100 தொன் எடையுள்ள கதவு நிறுவப்பட்டது. அதன் கீல் மட்டுமே 47 தொன்.

பத்தாண்டுகள் கழிந்தன. அழிவு வந்தது, ஆனால் கொள்ளையர் வடிவில் வரவில்லை. அதே நகரில் 1924இல் மாபெரும் மண்டபத்துடன் புதுமனை புகுந்த யூனியன் ட்ரஸ்ட் வங்கி, 1933 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அறிவித்த வங்கி விடுமுறை முடிந்த பின்னரும் திறக்கப்படவில்லை. அதன் கதவை எவரும் உடைக்கவில்லை, பூட்டும் பழுதாகவில்லை. தொழிலாளரும் சிறுவணிகரும் நம்பிக் கொடுத்த பணம், உள்ளிருந்தோரின் கையெழுத்தினாலேயே கடனாக வெளியே போயிருந்தது. 1930 முதல் 1933 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. புறத்தே நின்ற திருடனுக்கு அஞ்சிச் செய்த கதவு, அகத்தே நடந்த சூதாட்டத்தைத் தடுக்கவில்லை.

தடுக்க முயன்றது எஃகன்று, சட்டம். 1933ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் வைப்புக் காப்புறுதியை ஏற்படுத்தியது. 1934 ஜனவரி முதல் ஒவ்வொருவரது வைப்பிலும் 2,500 டொலர் வரை காக்கப்பட்டது. தெருவில் நின்ற மக்களின் கோபமின்றி இச்சட்டம் பிறந்திராது என்பதில் ஐயமில்லை.

இன்று அக்கதவுகளின் நிலை யாது? அவற்றை அகற்றுதல் எளிதன்று. கதவுச் சட்டம் கொங்கிறீற்றுச் சுவரோடு ஒன்றாய் வார்க்கப்பட்டது. அதைப் பெயர்க்கச் சுவரை உடைக்க வேண்டும். கட்டடத்தின் தளங்களோ அத்துணைப் பாரம் உருண்டு செல்வதற்கென அமைந்தவையல்ல. வெட்டி எடுப்போமெனில், வெட்டும் சுடரை எதிர்க்கவென்றே ஆக்கப்பட்ட உலோகம் அது. பழைய இரும்பாக விற்றால் கிடைக்கும் விலையிலும் அகற்றும் கூலி மிகுந்துவிடுவதுண்டு. ஆகவே பல கதவுகள் நின்ற இடத்திலேயே நிற்க, அவற்றைச் சூழ்ந்த வாழ்வு மாறுகிறது. யாரும் உள்ளே அகப்படாதிருக்கப் பூட்டை மட்டும் செயலிழக்கச் செய்தாற் போதும்.

சமஷ்டி ஒதுக்கு வங்கியின் கதவு 1997இல் பணியோய்ந்து காட்சிப்பொருளாயிற்று. 1908இல் எழுந்த கிளீவ்லண்ட் ட்ரஸ்ட் வங்கியின் வட்ட மண்டபம் 2015இல் மளிகைக் கடையாயிற்று. அதன் நிலவறைப் பெட்டக அறைகள் மதுக்கூடமாயின.

பழையதை அழிக்காது பயன்படுத்துதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அக்கதவின் பளபளப்பை வியப்போர், 1933இல் அதற்கு வெளியே நின்றோரையும் அறிதல் வேண்டும். கதவை வார்த்தவரும் தொழிலாளர். அதன் முன் ஏமாந்து நின்றவரும் தொழிலாளர். இதனை மாணவருக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.