கிடப்பதும் கிடத்துவதும்

ஆங்கிலத்தில் 'லை' என்றால் கிடப்பது, 'லே' என்றால் கிடத்துவது. இவற்றை மாற்றிச் சொல்பவரைப் படிப்பறிவில்லாதவர் என்று எடைபோடுவது அங்கே பழகிப்போன வழக்கம். அது நியாயமற்ற தீர்ப்பு. பேசுபவரின் சோம்பலில் பிறந்த குழப்பமல்ல இது. அந்த மொழியின் ஓர் உறுப்பு செயலிழந்ததன் விளைவு. நம் தன்வினை, பிறவினை போல ஆங்கிலத்தின் மூதாதை மொழியும் ஒரு வினையிலிருந்து இன்னொன்றை ஆக்கிக்கொண்டது. வினையோடு ஒரு விகுதி சேர்ந்தது. பிறகு விகுதி தேய்ந்து உயிரொலி மாற்றம் மட்டும் எஞ்சியது. 'சிட்' இருப்பது, 'செட்' இருத்துவது. 'ஃபால்' வீழ்வது, 'ஃபெல்' மரத்தை வீழ்த்துவது. குடிப்பதைக் குறிக்கும் 'டிரிங்க்' என்பதன் பிறவினையான 'டிரெஞ்ச்', முதலில் குடிக்கவைப்பதைக் குறித்து, இன்று தொப்பலாக நனைப்பதாகிவிட்டது. புதுச் சோடிகள் பிறப்பது நின்றபின், பழைய சோடிகளின் உறவு பேசுபவர்களுக்கே புலப்படாமல் போயிற்று. கிட, கிடத்து, நட, நடத்து என்று சோடிகள் நிறைந்த தமிழில் ஒன்று மற்றொன்றைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் துணை இல்லை.

போதாக்குறைக்கு ஒலியும் சதி செய்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிடந்தான்', 'கிடத்துகிறேன்' என்பவற்றின் வடிவங்கள் வேறுவேறு. ஒலிகள் தேய்ந்தபின், முன்னதன் இறந்தகாலமும் பின்னதன் நிகழ்காலமும் 'லே' என்றே ஒன்றாயின. தன்னைக் கிடத்திக்கொள்வதாகச் சொல்லும் வழக்கில் 'தன்னை' உதிர்ந்தபோது 'லே' என்பதே படுப்பதையும் குறித்தது. 1300-ஐ ஒட்டியே இந்த வழக்கு எழுத்தில் தென்படுகிறது. 1818-இல் கவிஞர் பைரன் 'சைல்டு ஹேரல்டு' கவிதையின் நான்காம் காண்டத்தில் அப்படி எழுதியது எதுகைக்காக என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மனித இயல்பு பற்றிய கட்டுரையில் பிரான்சிஸ் பேக்கனும் அப்படித்தான் எழுதினார். உரைநடைக்கு எதுகைக் கட்டாயம் ஏது?

வேறுபாடு ஆயிரம் ஆண்டு பழையது, இலக்கணக்காரர் கற்பித்ததல்ல, ஆகவே மீறுவது பிழையே என்று வாதிடலாம். வேறுபாடு உண்மையானதுதான், ஜெர்மன் மொழி அதை இன்றும் காக்கிறது. ஆனால் அது ஆங்கிலப் பேச்சில் கலங்கிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே கண்டனம் வந்தது. 1762-இல் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில் இந்த மயக்கத்தைச் சுட்டினார். பின்வந்த பள்ளி இலக்கணங்கள் அதை விதியாக்கின. எழுத்து நடைக்கு அந்த விதி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. பள்ளியில் கற்று மட்டுமே காக்கக்கூடிய ஒன்றை, பள்ளி வாய்க்காதவரின் அறிவுக்கு அளவுகோலாக்கியதுதான் அநீதி.