ஆளில்லாத் துப்பாக்கிக் கூண்டு: சீனன்குடாவில் இறங்கிய பி-29 விமானங்களை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

கொல்லிமலைக்குத் தானே அசைந்து கொல்லும் உருவம் புதிதன்று. கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்களே அறிவார்கள். ஆனால் அந்தப் பாவை எப்படி இயங்கியது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. 1944இல் திருகோணமலைக்கு அருகே சீனன்குடா ஓடுதளத்தில் இறங்கிய அமெரிக்கப் பி-29 குண்டுவீச்சு விமானங்களில், அருகில் ஆளே இல்லாமல் சுழன்று சுட்ட துப்பாக்கிக் கூண்டுகள் இருந்தன. அவற்றின் இயக்கத்தை விளக்கிவிடலாம்.

2. தேவை

பி-29 மிக உயரத்தில் பறக்க வடிவமைக்கப்பட்டது. வீரர்கள் இருக்கும் அறைகளில் காற்றழுத்தத்தைக் காக்க வேண்டும். துப்பாக்கி நீட்டத் திறப்பு வைத்தால் அழுத்தம் நிற்காது. எனவே கூண்டுகள் அறைக்கு வெளியே போயின, ஆள் உள்ளேயே இருந்தார்.

இதற்கு முன்பு நடந்த முயற்சி ஒன்று தோற்றிருந்தது. பி-17ஈ வகையின் முதல் 112 விமானங்களில் வயிற்றுப் பக்கக் கூண்டை, வீரர் படுத்தபடி கண்ணாடிகள் வழியாகப் பார்த்து இயக்கினார். இலக்கைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததால் அதைக் கைவிட்டார்கள்.

3. பொறியமைப்பு

3.1 கண்ணும் கையும்

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமைத்த பி-29 முறையில் முதுகில் இரண்டு, வயிற்றில் இரண்டு என நான்கு தொலையியக்கக் கூண்டுகள். வாலில் தனியாக ஒன்று. குறிபார்க்கும் இடங்கள் ஐந்து: மூக்கு, நடுவில் மேலும் இரு பக்கமும், வால். நடுப்பகுதியினர் குமிழ்க் கண்ணாடி வழியே பார்த்தார்கள். மேலே சுழல் நாற்காலியில் இருந்தவரே எந்தக் கூண்டு யாருக்கு என்று பகிர்ந்தார். ஒருவர் பிடியிலிருந்து கையை எடுத்தால் கூண்டு அடுத்தவர் வசமானது.

குறிநோக்கி திரும்பும் கோணத்தை ‘செல்சின்’ என்னும் சிறு மின்கருவிகள் கூண்டுக்குத் தெரிவித்தன. குறிநோக்கியின் கோணத்துக்கும் கூண்டின் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை வால்வுகள் பெருக்கின. ஆம்ப்ளிடைன் மின்னாக்கி அதற்கேற்ற மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுத்தது. வேறுபாடு மறையும்வரை கூண்டு சுழன்றது. சொந்த வாலையோ இறக்கையையோ சுட்டுவிடாதபடி, அந்தத் திசைகளில் சுடுவதை நிறுத்தும் அமைப்பும் உண்டு.

3.2 கணிப்பொறி

இம்முறையின் உயிர் மோட்டாரில் இல்லை, கணக்கில் இருந்தது என்பதே என் முடிவு. கண் இருக்கும் இடம் வேறு, துப்பாக்கி இருக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் 10 மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். பார்வைக்கோட்டுக்கு இணையாகச் சுட்டால், பக்கவாட்டு இலக்கைக் குண்டு 10 மீட்டர் தவறவிடும். சண்டை விமானத்தின் இறக்கை அகலமே சுமார் 11 மீட்டர்தான்.

இதைத் திருத்தத் தொலைவு தெரிய வேண்டும். எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை வீரர் ஒரு குமிழில் குறித்துவிட்டு, ஒளிப்புள்ளி வளையத்துக்குள் விமானம் சரியாக அடங்கும்படி வளையத்தைச் சுருக்கினார், விரித்தார். அதிலிருந்து தொலைவு கிடைத்தது. இலக்கைப் பின்தொடரும் வேகத்தைச் சுழலிகள் அளந்தன. அந்த வேகத்தைக் குண்டு போய்ச்சேரும் நேரத்தால் பெருக்கினால் எவ்வளவு முந்திச் சுட வேண்டும் என்பது வரும். உயரம், விமான வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் கையால் புகுத்தினார்கள். காற்றின் அடர்த்தியும் எதிர்காற்றும் குண்டை விலக்கும் அளவு அதில் சேர்ந்தது. இலக்கங்களைக் கூட்டிக் கழிக்கும் இன்றைய கணினியன்று அது. பற்சக்கரங்களும் மின்னழுத்தங்களும் செய்த கணக்கு.

வீரர் தடுமாறாமல் பின்தொடர்ந்தால்தான் விடை சரியாக வரும். கை நடுங்கினால் பொறி அந்த நடுக்கத்தையும் நேர்மையாகக் கணக்கிட்டுவிடும்.

4. சீனன்குடா

பி-29 படையின் இந்தியத் தளங்கள் கரக்பூரைச் சுற்றி இருந்தன. அங்கிருந்து சீனன்குடாவுக்கு வந்த 54 விமானங்கள் 1944 ஆகஸ்ட் 10 அன்று சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிக் கிளம்பின. போய்வர 6,000 கிலோமீட்டருக்கு மேல். எரிபொருளே சுமையைத் தின்றுவிட்டதால், விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் குண்டுதான். தாக்குதலும் இரவில், கண்ணால் குறிபார்க்கும் கருவிக்கு இருட்டில் வேலை குறைவு. அப்படியிருந்தும் கூண்டுகளின் எடையைச் சுமந்தே போனார்கள்.

5. கழற்றல்

இந்தியாவிலிருந்த படைக்கு 1944 ஆகஸ்ட் இறுதியில் தலைமையேற்ற கர்ட்டிஸ் லெமே, 1945 மார்ச்சில் மரியானாத் தீவுகளிலிருந்து டோக்கியோமீது இரவில் தாழப் பறக்க விமானங்களை ஏவியபோது, துப்பாக்கிகளையும் அவற்றின் தோட்டாக்களையும் பெருமளவு இறக்கச் செய்தார். மிச்சமான எடைக்குத் தீக்குண்டுகள் ஏறின. பிறகு வந்த பி-29பி வகையில் நான்கு கூண்டுகளும் கணிப்பொறிகளும் இல்லை. வால் துப்பாக்கி மட்டும் ராடார் துணையோடு எஞ்சியது.