கருவூலத்தைச் சுற்றிப் போன இருபது கோடி

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுசீரமைப்புக்குச் சுமார் 31,000 கோடி ரூபாய் வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி தர முன்வந்திருப்பதாக முதல்வர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்தில் அறிவித்தார். தொகை எதுவும் முடிவாகவில்லை என்றார் அமீரகத் தூதர். வெளிநாட்டு அரசுகளிடம் பேரிடர் நிதி பெறுவதில்லை என்ற 2004 சுனாமிக் காலக் கொள்கையைச் சொல்லி மத்திய அரசு மறுத்துவிட்டது. நிதி திரட்ட வெளிநாடு செல்ல அமைச்சர்கள் அனுமதி கேட்டபோதும், முதல்வருக்கு மட்டுமே, அதுவும் அமீரகத்துக்கு மட்டுமே கிடைத்தது. இப்படி அடைத்த வாசல் பணத்தை நிறுத்திவிடவில்லை, கணக்கு கேட்க ஆளில்லாத வழிக்குத் திருப்பிவிட்டது என்பதே பின்னால் நடந்தவை காட்டும் பாடம்.

2019 ஜூலை 11 அன்று, வீடற்றோருக்கு வீடு கட்டித் தரும் மாநில அரசின் லைஃப் மிஷன், எமிரேட்ஸ் செம்பிறைச் சங்கத்துடன் திருவனந்தபுரத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. திருச்சூர் மாவட்டம் வடக்காஞ்சேரியில் 140 குடியிருப்புகளும் ஒரு மருத்துவ மையமும் கட்ட 20 கோடி ரூபாய் உதவி. ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குள் வரவில்லை. அதே மாதக் கடைசியில் அமீரகத் துணைத் தூதரகம் யூனிடாக் என்ற கட்டுமான நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது. 2020 ஜூலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், அதே துணைத் தூதரகத்தின் பெயரில் வந்த பார்சலில் 30 கிலோ தங்கம் பிடிபட்டது. அந்த விசாரணையின் போக்கில்தான் வீட்டுத் திட்டத்தில் நான்கு கோடிக்கும் மேல் கமிஷன் கைமாறியது என்ற குற்றச்சாட்டு வெளியே வந்தது. முதல்வரின் முன்னாள் முதன்மைச் செயலாளர் எம். சிவசங்கரை அமலாக்கத் துறை 2023 பிப்ரவரியில் இவ்வழக்கில் கைது செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். கைது தீர்ப்பாகாது என்பதையும் மறக்கக் கூடாது.

அரசுப் பணம் ஒரு பைசாகூடப் போகவில்லை, நிலம் மட்டுமே தந்தோம், பிறகு அரசு ஊழல் என்பது எப்படி என்று ஆளுந்தரப்பு கேட்டது. வாதத்தின் ஓட்டையே அதுதான். நிலம் அரசுடையது, திட்டம் அரசுடையது, பயனாளிகள் அரசின் பட்டியலில் உள்ளவர்கள். பணம் மட்டும் அரசுக் கணக்கில் இல்லையென்றால் தணிக்கையாளருக்கு அங்கே வேலையில்லை. 2021 ஜனவரியில் இத்திட்டம் குறித்த சிபிஐ விசாரணை தொடர அனுமதித்த கேரள உயர் நீதிமன்றமும் இந்த ஏற்பாடு தணிக்கையைத் தவிர்ப்பதற்கானது என்ற பொருள்படவே கருத்துச் சொன்னது. கொள்கை முடிவெடுத்ததற்காக மட்டும் முதல்வரையோ அமைச்சர்களையோ குற்றப் பொறுப்பாளிகளாக்க முடியாது என்றும் அது சேர்த்துச் சொன்னது.

கருவூலப் பணம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். முதல்வரின் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து மறைந்த அரசியல்வாதிகளின் குடும்பங்களுக்குப் பணம் தந்தது குறித்து லோக் ஆயுக்தாவில் வழக்கு நடந்தது உண்மை. 2023 நவம்பரில் அது தள்ளுபடியானது. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்த அமைச்சரவை முடிவின்படி என்று எல்லாம் பதிவில் இருந்ததால்தான் ஒரு குடிமகனால் வழக்கே போட முடிந்தது. மத்திய விசாரணை அமைப்புகளுக்கு அரசியல் உள்நோக்கம் உண்டு என்ற குற்றச்சாட்டையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்கு வெளிப்படையாக இருந்திருந்தால், உள்நோக்கத்தோடு வருபவர்களுக்கும் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது.

வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. 2025-இல் மகாராஷ்டிர முதல்வர் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய அரசே அனுமதி அளித்தது. எல்லா மாநிலங்களுக்கும் அந்த வாசலைத் திறக்க வேண்டும். வரும் ஒவ்வொரு ரூபாயும் கருவூலம் வழியாக, தணிக்கைக்கு உட்பட்டே செலவாக வேண்டும். வடக்காஞ்சேரியில் 2020-இல் கட்டுமானம் பாதியில் நின்றுபோனது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வீடில்லாத 140 குடும்பங்கள்.