காயல் எங்கே?

அறபு அகராதியாசிரியர்கள் கடற்கரையைக் குறிக்கும் ‘ஸாஹில்’ என்னும் சொல்லுக்கு நயமானதொரு விளக்கம் தருவர். ‘ஸஹல’ என்றால் தேய்த்தான், சுரண்டினான் என்பது பொருள். ‘ஸாஹில்’ வடிவத்தால் ‘தேய்ப்பது’ எனினும், பொருளால் ‘நீரினால் தேய்க்கப்பட்டது’ என்பர். தமிழிலோ ‘கரை’ பெயராயின் நீரின் ஓரம், வினையாயின் கரைந்துபோதல். ஆனால் வரலாறு எழுதுவோர் சிலர் இன்றைய கரையையே என்றுமுள்ள கரையாகக் கொண்டு வழக்காடுகின்றனர்.

கி.பி. 1292ஐ ஒட்டி மார்க்கோ போலோ கண்ட ‘காயில்’ நகரம் எது? ஹொர்முஸ், கீஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்தன என்கிறார் அவர். அத்துறை பாண்டியரின் அமைச்சர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்ததை வஸ்ஸாஃபின் பாரசீக வரலாறு கூறுகிறது. அது பழையகாயலே என்றார் கால்டுவெல். அவ்வூரைச் சுற்றிச் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததை அவர் கண்டார். காயல்பட்டினத்தாரோ தம் தொன்மையான பள்ளிவாசல்களையும், அறபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்களையும் காட்டுவர்.

இவ்வழக்கில் தாமிரபரணியையும் சாட்சியாக அழைத்தல் வேண்டும். பொதிகையிலிருந்து வண்டலைச் சுமந்துவரும் ஆறு, கடலைத் தொட்டதும் வேகம் குன்றிச் சுமையை இறக்குகிறது. அலையும் நீரோட்டமும் முகத்துவாரத்தின் குறுக்கே மணல் திட்டை எழுப்புகின்றன. திட்டுக்குப் பின்னே தேங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே காயல். அதுவும் நாளடைவில் தூர்ந்து நிலமாகிறது. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமான கொற்கை, இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்சூழ்ந்த சிற்றூர். அதன்பின் சிறந்த பழையகாயலும் கடலை இழந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தங்கிய புன்னைக்காயலோ ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளது.

காயல் என்பது முதலில் ஒரு நிலத்தோற்றத்தின் பெயர், பிறகே ஊர்ப்பெயர். ஆகவேதான் அருகருகே மூன்று ஊர்கள் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. துறை தூர்ந்தபோது வணிகரும் மாலுமிகளும் ஆழமான நீரைத் தேடிப் பெயர்ந்தனர் என்று கொள்வதே பொருத்தம். பீங்கான் ஓடுகள் ஓரூருக்குச் சான்றாகலாம். அதனால் மற்றோர் ஊரின் மீஸான் கற்கள் பொய்யாகிவிடா. கப்பலேறிய தலைமுறைகளின் வரலாற்றை ஒரே ஊரின் எல்லைக்குள் அடைக்க முயல்வோர், அக்கரை முழுவதற்கும் உரிய பெருமையில் பாதியை இழப்பர். ஏட்டைப் புரட்டுமுன் ஒருமுறை அவ்வாற்றங்கரையில் நடந்து பார்ப்பது நன்று.