மகரந்தமும் செவிக்குழலும்

இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்தலோமியோ யூஸ்டேக்கி 1562இல் செவியுறுப்புகளைப் பற்றி எழுதியபோது, செவிப்பறைக்குப் பின்னுள்ள காற்றறையாகிய நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழலைத் தெளிவாக விவரித்தார். பெரியவர்களிடம் ஏறத்தாழ 35 மி.மீ. நீளமுடையதும், இயல்பில் மூடிக்கிடந்து விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறப்பதுமான அந்த யூஸ்டேசியன் குழலின் உட்புறம் மூக்கின் சளிச்சவ்வோடு தொடர்ந்திருப்பதால், மூக்கில் தோன்றும் வீக்கம் காதுவரை எட்டக்கூடும். ஆயினும் மகரந்த ஒவ்வாமையின் வரலாற்றில் காது மிகத் தாமதமாகவே இடம்பெற்றது.

ஆண்டுதோறும் கோடையில் தம்மைச் சிறுவயதிலிருந்தே வாட்டிய தும்மலையும் மூச்சடைப்பையும் ஆங்கில மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல் லண்டன் மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். அக்கட்டுரையின் தலைப்பே கண்ணையும் மார்பையும் மட்டுமே குறித்தது. மக்கள் இந்நோயைப் புதிதாக அறுத்த புல்லோடு தொடர்புபடுத்தி 'வைக்கோல் காய்ச்சல்' என்றழைக்க, பாஸ்டாக் வெயிலின் வெப்பத்தையே காரணமாகக் கருதினார். தாமும் அந்நோயால் வருந்திய மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் கட்டி வானில் ஏற்றி மகரந்தத்தைத் திரட்டியதோடு, தம் தோலைக் கீறி அதில் மகரந்தத்தை வைத்தும் சோதித்து, 1873இல் வெளியிட்ட நூலில் உண்மைக் காரணத்தை நிறுவினார். நோயாளியாகவும் ஆய்வாளராகவும் தாமே இருந்த அவரது பொறுமை வியப்புக்குரியது.

செவி மருத்துவம் வேறொரு தடத்தில் வளர்ந்தது. வெர்சாய் நகர அஞ்சல் அதிகாரி கியோ, தம் செவிட்டுத்தன்மையைப் போக்க வாய்வழியே யூஸ்டேசியன் குழலை நோக்கி வளைந்த குழாயைச் செலுத்திய முறையை 1724இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். வியன்னாவின் ஆடம் பொலிட்சர் 1863இல், நோயாளி நீர் விழுங்கும் கணத்தில் மூக்குவழியே நடுக்காதுக்குள் காற்றைச் செலுத்தும் ரப்பர்ப் பையை அறிமுகப்படுத்தினார். அதே வியன்னாவில் 1906இல் மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார்.

மகரந்தம் படும்போது சளிச்சவ்வின் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களால் மூக்கின் பின்புறமும் குழலின் வாயும் வீங்க, குழல் சரிவரத் திறக்காமல் நடுக்காதின் காற்று சுற்றியுள்ள திசுக்களால் மெல்ல உறிஞ்சப்பட்டு, அங்கு அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. அதனால் காது அடைத்து ஒலி மங்குகிறது. 1980களில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஒவ்வாமையுள்ள பெரியவர்களின் மூக்கில் மகரந்தத்தைச் செலுத்திக் குழலின் செயல்பாட்டை அளந்தபோது, பருவந்தோறும் காது அடைப்பதாகச் சொல்லிவந்தவர்களின் உணர்வு எண்களால் குறிக்கத்தக்கதாயிற்று.