எந்தக் கடையில் மாற்றுவது?

1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை நட்டதிலிருந்து ஏற்காட்டின் கதையைத் தொடங்குவது வழக்கம். செடியோடு இன்னொன்றும் மலையேறியது: கூலிக் கணக்கு. அதுவரை மலையில் விளைந்தது கீழே இறங்கி, உப்பும் துணியுமாகத் திரும்பி ஏறியது. அந்தச் சந்தையிலும் ஏமாற்று இருந்திருக்கும். ஆனால் தராசு இருவர் கண்ணெதிரே தொங்கியது. தோட்டம் வந்தபின், உழைப்புக்கு என்ன கிடைக்கும், அதை எங்கே, எப்போது அரிசியாகவும் துணியாகவும் மாற்றலாம் என்பதைக் கொடுப்பவரே முடிவுசெய்தார். இருநூறு ஆண்டு கழித்து, ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றிக்காக 500 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் அனுப்பும் பயனர் ஆய்வுக்காரர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். 500 போதுமா, 1000 வேண்டுமா என்பதே அவர்களுக்குள் நடக்கும் வாதம். மலைத்தோட்டங்களின் வரலாறு அந்த வாதத்தை வேறு பக்கம் திருப்புகிறது. சீட்டில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, அதை எந்தக் கடையில், யார் தயவில் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதே அதன் நியாயத்தைத் தீர்மானிக்கிறது.

தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவர்கள் மேஸ்திரிகள், இலங்கையில் கங்காணிகள். இருவர் கையிலும் இருந்த கருவி முன்பணம். வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கியது. 1903இல் சென்னை மாகாணத் தோட்டக்காரர்களுக்கென்றே இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் 1920களில்தான் ஒழிந்தன. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போன இலங்கைத் தோட்டங்களில் இந்தக் கடன் ஒரு காகித வடிவமே எடுத்தது. அதன் பெயர் துண்டு. இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் அவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு அது. கங்காணி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தோட்டத்துத் துரையிடம் போவார். அந்தத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். சீட்டில் இருந்தது தொழிலாளியின் கடன். எழுதியவர் ஒரு துரை, மாற்றியவர் இன்னொரு துரை, நடுவில் கொண்டுபோனவர் கங்காணி. தொழிலாளியின் கை அதில் எங்கும் படவில்லை. 1921இல் இலங்கை அரசு சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தது.

கூலியைக் காகிதமாகவோ சரக்காகவோ கொடுப்பது நம் மலைகளுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் தங்கள் கடையிலேயே செல்லும் சீட்டைக் கூலியாகக் கொடுத்து, அந்தக் கடையில் விலையையும் தாங்களே வைத்தார்கள். கூலி செல்லும் நாணயமாகவே தரப்பட வேண்டும் என்று 1831ஆம் ஆண்டின் டிரக் சட்டம் கட்டளையிட்டது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இதே விதியைக் கொண்டுவந்தது. பின்னர் அது தோட்டங்களையும் தழுவியது. 1949இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, பணமாகத் தர வேண்டிய கூலியைக் கடன் பத்திரமாகவோ வவுச்சராகவோ கூப்பனாகவோ தருவதைப் பெயர் சொல்லியே தடை செய்தது. தொகையைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதற்காக மட்டும் இந்தச் சட்டங்கள் பிறக்கவில்லை. முழுத் தொகையும் எழுதிய சீட்டுகூட, முதலாளியின் கடைக்குள் போனதும் இளைத்துவிடுகிறது என்று கண்டதால் பிறந்தன.

ஆய்வில் பங்கேற்பது கூலி வேலை அல்லவே, அதற்கு எதற்குக் கூலிச் சட்டம் என்று கேட்கலாம். சட்டப்படி அது சரி. ஆனால் கேள்வி கேட்க வந்தவர் பதில் சொல்பவருக்கு என்ன தர வேண்டும் என்பதற்கும் இந்த மலைகளில் ஒரு வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மலைமக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கும் அதில் இடம் உண்டு. அவரைக் கண்டு வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடியதையும், தங்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் அஞ்சியதையும் அவரே வேடிக்கையாகக் குறித்திருக்கிறார். இன்றைய வாசகருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அளப்பவருக்கு என்ன லாபம் என்று தெரியாதவரின் நியாயமான அச்சம் அது. நீலகிரியில் 1901-02இல் தோடர்களிடையே தங்கிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இன்னும் கனமான ஒன்றைப் பதிவுசெய்தார். அவருக்குச் சடங்கு இரகசியங்களைச் சொன்ன சிலருடைய வீடுகளில் நோயும் சாவும் நேர்ந்தன. வெளியாளிடம் சொன்னதுதான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். பதில் சொல்பவர் கொடுப்பது ஒரு மணி நேரத்தை மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அகத்தியமலையில் இந்தக் கணக்கு முதன்முதலாக வெளிப்படையாகப் போடப்பட்டது. 1987இல் அங்கே சென்ற தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணி மக்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதற்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாக் காணிகளும் இதை ஏற்கவில்லை. யாரைக் கேட்டு ஒப்பந்தம் போட்டீர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்டார்கள். குறை இருந்தும் அங்கே ஒன்று நடந்தது: போய்ச் சேர்ந்தது பணம், அதை எதற்குச் செலவிடுவது என்பதைப் பெற்றவர்களே பேசி முடிவுசெய்ய இடமிருந்தது.

இப்போது வவுச்சரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, அதன் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பரிசு அட்டையின் உச்சவரம்பு 10,000 ரூபாய். அதை ரொக்கமாக மாற்றவோ மற்றொருவருக்குப் பணமாக அனுப்பவோ முடியாது. ஒரு கடை தன் கடைக்கென்றே வெளியிடும் சீட்டு அந்த ஒழுங்குமுறைக்குள்ளேயே வராது. சேலத்துச் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் மட்டும் செல்லும் 500 ரூபாய்ச் சீட்டு ஏற்காடு மலையிலுள்ள கரடியூரில் ஒருவருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஏற்காடு வர வேண்டும். பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும். ஒரு நாள் போய்விடும். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். அதைக் கழித்தால் மிச்சம் 181. அதிலும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போகும். 480 ரூபாய்க்குச் சாமான் எடுத்தால் மீதி 20 ரூபாய் சீட்டிலேயே தங்கும். அதே சீட்டு சேலம் ஐந்து ரோட்டில் குடியிருப்பவருக்கு முழு 500. இருவருக்கும் ஒரே தொகைதானே கொடுத்தோம் என்று ஆய்வுக்காரர் மனதாரச் சொல்லலாம். துரையின் கணக்குப் புத்தகமும் அப்படித்தான் சரியாக இருந்திருக்கும்.

பணமாகவே கொடுத்தால் ஆசை காட்டியதாகிவிடும், பதில்கள் கோணிவிடும் என்பது முதல் மறுப்பு. இதற்கு வலுவான பின்புலம் உண்டு. 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும், மனித ஆய்வில் ஆசை காட்டி இணங்கவைப்பதை எச்சரிக்கின்றன. ஆனால் அந்தக் கவுன்சிலே நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடு தரலாம் என்கிறது. உடலுக்கு ஆபத்தான மருந்துச் சோதனைக்கு எழுந்த அச்சத்தைச் செல்போன் திரையைப் பற்றிய பேச்சுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தொகைதான் கண்ணை மறைக்கிறதென்றால் அதே தொகைக்கான வவுச்சரும் மறைக்கும். மிகச் சிறிதாகக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்பதும் எடுபடாது. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நன்கொடை திரட்டப்போன மாணவர்களில் சிறு கமிஷன் பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்களைவிடக் குறைவாகத்தான் திரட்டினார்கள்.

பணம் கொடுத்தால் கூலியாகிவிடும், பரிசுதான் மரியாதை என்பது இரண்டாவது மறுப்பு. இது நம் ஊர் வழக்கத்தோடு ஒட்டவில்லை. கல்யாண வீட்டில் 101, 501 என்று நோட்டில் பெயர் எழுதி மொய் வைக்கிறோம். வெற்றிலை பாக்கோடு தட்டில் ரூபாயை வைத்துக் கொடுக்கிறோம். யாரும் அதை அவமதிப்பாக எண்ணுவதில்லை. அவமதிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சேர்வராயன் மலைக்குப் பக்கத்துச் சீமையான தகடூரே அன்று காட்டிவிட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த செய்தி புறநானூற்றின் 208ஆம் பாட்டு. பரிசில் சிறிதென்று புலவர் மறுக்கவில்லை. தன் தகுதியை அறியாமல் கொடுத்தது என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. எந்த ஊர், எந்தக் கடை, எந்த மொழி என்று பாராமல் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பறக்கும் ஆங்கில மின்னஞ்சல், காணாமல் கொடுக்கும் பரிசில்தான்.

மூன்றாவது மறுப்பு கணக்குப் பிரிவிலிருந்து வருகிறது: ரொக்கத்துக்கு ரசீது வேண்டும், தணிக்கை வேண்டும், வவுச்சர் என்றால் ஒரே பில். இது பொய்யல்ல. முதலாளியின் வசதி பொய்யாக என்றுமே இருந்ததில்லை. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் வழக்கு. வங்கிக் கணக்கைச் சொல்லத் தயங்குபவரும், வீட்டில் வேறொருவர் கைக்குப் பணம் போய்விடும் என்று அஞ்சுபவரும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு மலையிலேயே இருந்தபடி செலவிடக்கூடிய செல்போன் ரீசார்ஜ், பணத்தைவிட நல்லதாக இருக்கலாம். ஆகவே வவுச்சரை அடியோடு விலக்க வேண்டியதில்லை. பணமா, ரீசார்ஜா, சீட்டா என்று பெறுபவர் தேர்ந்தெடுக்கட்டும். சீட்டு என்றால் நடந்துபோகும் தூரத்துக் கடையிலும் செல்லட்டும். போக்குவரத்துச் செலவு தொகைக்குள் அடங்காமல் தனியே வரட்டும். நேரத்தின் விலை மட்டும் பெங்களூரு பொறியாளருக்கும் கரடியூர்க் காப்பித் தோட்டத் தொழிலாளிக்கும் ஒன்றாக இருக்கட்டும்; கேட்பவருக்கு இருவர் பதிலாலும் கிடைக்கும் பயன் ஒன்றுதான்.

1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு உட்பிரிவு இருந்தது. ஊதியத்தை வேலை நாளில்தான் கொடுக்க வேண்டும் என்றது அது. விடுமுறை நாளில் வந்து வாங்கிக்கொள் என்றால், தொகை முழுதாக இருந்தாலும் தொழிலாளிக்கு ஒரு நாள் நட்டம் என்பதை அந்த ஒற்றை வாக்கியம் எழுதியவர் அறிந்திருந்தார். கரடியூருக்குச் சீட்டு அனுப்புகிறவருக்கும் அந்த அறிவு போதும்.