மேரை நின்றுபோன ஏரிகள்

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த ஊர்த்தொகுதியே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் எனப் பெயர்பெற்றது. வரி வருவாயை நுகரும் உரிமையோடு அளிக்கப்பட்டதால் அது அக்காலத்தில் 'ஜாகீர்' எனப்பட்டது. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் அடங்கிய சென்னையின் மேற்குப் புறமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத இச்சமவெளியில் வேளாண்மை ஏரிகளை நம்பியே நின்றது. ஓர் ஏரி நிரம்பியதும் மிகைநீர் 'கலங்கல்' எனும் போக்கி வழியாக வழிந்து, வரத்துக்கால்களினூடே அடுத்த ஏரியைச் சேரும்படி அவை தொடுக்கப்பட்டிருந்தன.

இவற்றைப் பேணும் செலவு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை நடத்திய அளவைக் கணக்குகளும், அவற்றுக்கு அடிப்படையாயிருந்த ஊர்க்கணக்கு ஓலைகளும் விடை தருகின்றன. களத்தில் நெல் பொலியிடப்பட்டதும், அரசின் பங்கும் உழுதவர் பங்கும் பிரிக்கப்படுவதற்கு முன்பாகவே, கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியாருக்கும் ஒதுக்கப்பட்டதைப் போலவே ஏரிக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கீட்டுக்கு 'மேரை' என்று பெயர். வரியின்றி விடப்பட்ட நிலமோ 'மானியம்'. இம்முறையில் எல்லோரும் சமமாக நடத்தப்பட்டனர் என்பதற்கில்லை. மிராசுதாரர் கை ஓங்கியும், உழைத்த பறையர் கை தாழ்ந்தும்தான் இருந்தன. ஆயினும் ஏரிக்குரிய பங்கு, விளைச்சலிலேயே, ஊருக்குள்ளேயே இருந்தது.

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்ட இந்நிலப்பரப்பில், 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட ஊக்கம் காட்டினார். ஏரி நிறைந்தால் வரி நிறையும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் அடுத்தடுத்து வந்த வரித்திட்டங்களில் மேரையும் மானியமும் குறைக்கப்பட்டு அரசின் வருவாய்க்குள் இழுத்துக்கொள்ளப்பட, ஏரியைப் பேணும் பொறுப்பு தொலைவிலிருந்த அலுவலகத்துக்குப் போயிற்று. மாகாணமெங்கும் நீர்ப்பாசனப் பணிகள் எவ்வளவு சீர்கெட்டிருந்தன என்பதை 1852-இல் அமர்ந்த பொதுப்பணி ஆணையமே எடுத்துரைத்தது. அதற்குக் கிடைத்த மருந்துகளில் ஒன்று 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம்: ஊரார் கூடி ஏரி பேணும் 'குடிமராமத்து' வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கிய சட்டம் அது. நிதியைத் தான் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் வழக்கம் என்று நினைவூட்டிய அரசின் துணிவு வியப்புக்குரியது.

பணம் சென்ற திசை வேறு. செங்குன்றத்துச் செம்புரைக்கல்லைச் சென்னைச் சாலைகளுக்குக் கொண்டுவர 1837-இலேயே ஓர் இரும்புப்பாதை இயங்கியது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட மெட்ராஸ் ரயில்வே பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றது. அந்நிறுவனத்தின் இலண்டன் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வரை வட்டி உறுதியளிக்கப்பட்டது. வருமானம் குறைந்தால் ஈடுசெய்தது இந்திய வரிப்பணம். ரயிலைவிட நீர்ப்பாசனத்துக்கே முதலிடம் வேண்டும் என்று பொறியாளர் ஆர்தர் காட்டன் வாதாடியும் பயனில்லை. 1872-இல் கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்து அணையால் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியே நகருக்குக் கொண்டுசென்ற குடிநீர்த் திட்டம் சென்னையின் தாகத்தைத் தீர்த்தது. அதே திட்டத்தில், அதுவரை பாசனத்துக்கென இருந்த இவ்வேரிகள் நகரின் தொட்டிகளாயின.

விடுதலைக்குப் பின் வந்த வளர்ச்சியும் இத்தடத்திலேயே நடந்தது. 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம், 1961-இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவை ரயில் பாதையையும் நகரத்தின் அண்மையையும் சார்ந்து எழுந்தவை. அவை ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் காலனிய அரசு ஊரின் கையிலிருந்து எடுத்த ஏரியை, பின்வந்த அரசுகள் ஊருக்குத் திருப்பித் தரவில்லை. ஏரியைச் சுற்றியிருந்த ஆயக்கட்டு, அதாவது அதன் நீரால் விளைந்த வயல், மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறியபின் அந்நீரைக் கேட்பதற்கும் ஆளில்லை. அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரியின் நீர் இன்று எந்த வயலுக்கும் பாய்வதில்லை.